டெனிகின்: தோற்ற பிறகு வாழ்ந்த 27 ஆண்டுகள்

பழுப்பு ஏடு (இழையைத் தொடங்கியவர்)

ரஷ்ய உள்நாட்டுப் போரைப் பற்றி எப்போது பேசினாலும் பேச்சு 1920இல் நின்றுவிடுகிறது. லெனினின் போல்ஷ்விக் கட்சியை எதிர்த்துப் போரிட்ட வெண்படை தோற்றது, கப்பல் ஏறியது, அவ்வளவுதான். கப்பல் ஏறியவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்? பல மாதங்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதில் ஒரே ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். தெற்கு ரஷ்யாவில் வெண்படையை நடத்திய தளபதி அன்டன் இவானொவிச் டெனிகின்.

1919 அக்டோபரில் அவருடைய படை ஓரெல் நகரைப் பிடித்தது. அங்கிருந்து மாஸ்கோ ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஆறே மாதத்தில், 1920 ஏப்ரல் 4 அன்று, கிரிமியாவின் ஃபியோதோசியாவில் தலைமைப் பொறுப்பை இன்னொரு வெண்படைத் தளபதியான ரேங்கலிடம் கொடுத்துவிட்டு அன்று மாலையே கிளம்பிவிட்டார். வயது 47.

கான்ஸ்டான்டிநோபிளில் இறங்கியதும் ரஷ்யத் தூதரகக் கட்டடத்துக்குப் போனார்கள். அங்கே, வந்து சில மணி நேரத்துக்குள், அவருடைய படைத்தலைமை அதிகாரியும் நெருங்கிய நண்பருமான ரொமனோவ்ஸ்கியை ஒருவன் சுட்டுக் கொன்றான். சுட்டவன் எதிரி இல்லை, வெண்படை அதிகாரி. தோல்விக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்ற வெறி. டெனிகினின் நாடு கடந்த வாழ்க்கையின் முதல் நாள் இப்படித் தொடங்கியது.

அடுத்து இங்கிலாந்து. போய்ச் சேர்ந்தபோது அவரிடம் இருந்த மொத்தக் கையிருப்பு 13 பவுண்டுக்கும் குறைவு என்கிறார்கள். லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பை ஆண்டவர் கையில் அவ்வளவுதான் இருந்தது. அங்கும் நான்கைந்து மாதம்தான் இருந்தார். போரைக் கைவிடும்படி டெனிகினிடம் தன் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்திப் பேசியதாக பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கர்சன் சோவியத் அரசுக்கு எழுதியிருந்தது வெளியே வந்தது. டெனிகின் பத்திரிகையில் மறுப்பு எழுதினார். அந்த மாதமே, 1920 ஆகஸ்டில், குடும்பத்தோடு பெல்ஜியத்துக்குப் போய்விட்டார். கைக்குழந்தை வைத்திருந்த மனிதர், கையில் காசில்லை, இருக்க இடம் கொடுத்த நாட்டை விட்டே போகிறார். இதை வீம்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் நடந்ததைப் பார்த்தால் இதே குணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

தோற்ற ஒரு தளபதியை எதை வைத்து எடை போடுவது? போர்க்களத்தில் செய்ததை வைத்தா, கையில் படையே இல்லாதபோது செய்ததை வைத்தா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தண்டவாளம்

நல்ல இழை. ஒரு சந்தேகம். வெண்படைத் தளபதி என்றாலே பிரபு குடும்பம், பெரிய பண்ணை, அரண்மனை என்றுதான் மனதில் வருகிறது. இவரும் அப்படியா?

பழுப்பு ஏடு

இல்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அவருடைய அப்பா சராத்தோவ் மாகாணத்தில் பண்ணையடிமையாகப் பிறந்தவர். நில உடைமையாளர் அவரை 25 ஆண்டு ராணுவச் சேவைக்கு அனுப்பிவிட்டார். சாதாரணச் சிப்பாயாக இருந்து, 1856இல் அதிகாரித் தேர்வில் தேறி, மேஜராக ஓய்வு பெற்றார். அம்மா போலந்துக்காரர், கத்தோலிக்கர், தையல் வேலை செய்தவர். டெனிகின் 1872 டிசம்பரில் இன்றைய போலந்தின் வுவோத்ஸ்வாவெக் நகரை ஒட்டிய ஊரில் பிறந்தார். வீட்டில் இரண்டு மொழியும் பேசினார்கள். அப்பாவின் ஓய்வூதியம் மாதம் 36 ரூபிள், அவர் இறந்ததும் 20 ரூபிள். பையன் படிக்கும்போதே மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தான்.

ராணுவக் கல்லூரியை முடித்த பிறகும் தலைமைப் பணியகத்தில் சேரவேண்டிய இடம் மறுக்கப்பட்டது. மேலதிகாரி மீதே முறையிட்டார். தண்டிப்போம் என்று மிரட்டியும் முறையீட்டைத் திரும்பப் பெறவில்லை. பிறகு அவரே போர் அமைச்சருக்கு எழுதி, 1902இல் அந்த இடம் கிடைத்தது. ஆக, எதிர்த்தரப்பில் இருந்த லெனினின் அப்பா பிரபுப் பட்டம் பெற்ற கல்வி அதிகாரி. வெண்படைத் தளபதியின் அப்பா பண்ணையடிமை. வர்க்கப் போர் என்று ஒரே கோட்டில் பார்த்தால் இது இடிக்கும்.

கரிசல்

பழுப்பு ஏடு, உங்கள் ஈடுபாடு புரிகிறது. ஆனால் இப்படி எழுதினால் வாசிப்பவர்களுக்கு ஒரு கண்ணியமான முதியவர் மட்டும்தான் தெரிவார். 1919ஐச் சொல்லாமல் 1920இலிருந்து கதையைத் தொடங்கக் கூடாது.

அவர் படை உக்ரைனுக்குள் போனபோது யூதர்களுக்கு என்ன நடந்தது? 1919 செப்டம்பரில் ஃபாஸ்திவ் நகரில் அவருடைய கசாக் பிரிவினர் நாள் கணக்கில் கொன்றார்கள், பெண்களைச் சிதைத்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். அது ஒரு ஊர். அப்படி எத்தனையோ ஊர்கள். அவருடைய பிரச்சாரத் துறையே யூதர்களும் போல்ஷ்விக்குகளும் ஒன்று என்று சுவரொட்டி அடித்துக்கொண்டிருந்தது. தளபதி தானே கையால் செய்யவில்லை, சில கண்டன ஆணைகள் போட்டார் என்பார்கள். ஆணை போட்டு யாரைத் தூக்கிலிட்டார்? கொள்ளையடித்த தளபதிகளை எத்தனை பேரை நீக்கினார்?

நில விவகாரமும் அப்படித்தான். விவசாயி உழுது எடுத்த விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை ஓடிப்போன பழைய உடைமையாளருக்குக் கொடு என்றது அவருடைய நிர்வாகம். பண்ணையடிமையின் மகன் ஆட்சியில்! நீங்கள் சொன்ன பின்னணி அவருடைய குற்றத்தைக் கூட்டுகிறது, குறைக்கவில்லை.

சதுரங்கம்

கரிசல் சொல்வது ராணுவ ரீதியாகவும் சரி. தோல்விக்கான காரணங்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

1918 பிப்ரவரியில் ரஸ்தோவிலிருந்து பனியில் கிளம்பிய தன்னார்வப் படையில் (தெற்கில் வெண்படையின் தொடக்கம் அதுதான்) சுமார் 4,000 பேர். ஏப்ரலில் எகதெரினோதார் முற்றுகையில் அதன் தலைவர் கோர்னிலோவ் குண்டு விழுந்து செத்தார். அந்த இடத்தில் டெனிகின் தலைமையேற்றுத் தோல்வியிலிருந்து படையை மீட்டுக்கொண்டு வந்தார். அது பெரிய சாதனை, அதை மறுக்க முடியாது. சிறிய படையை நடத்துவதில் அவர் கெட்டிக்காரர். முதல் உலகப் போரில் அவருடைய 'இரும்புப் படைப்பிரிவு' லுத்ஸ்க் நகரை இரண்டு முறை பிடித்தது.

1919 ஜூன் 30இல் வோல்கா கரை நகரான சாரித்ஸின் வெண்படையிடம் விழுந்தது. ஜூலை 3இல் மாஸ்கோவை நோக்கி மூன்று பாதைகளில் முன்னேறும்படி ஆணையிட்டார். ரேங்கல் அதைப் படைகளுக்கான மரண தண்டனை என்றே பிற்பாடு எழுதினார். விரிந்துகொண்டே போன போர்முனைக்குப் பின்னால் நிர்வாகம் என்று ஒன்று இல்லவே இல்லை. படை முன்னே போகப் போகப் பின்னால் கொள்ளை. வெண்படைத் தளபதி மமந்தோவின் கசாக் குதிரைப்படை ஆகஸ்டில் போல்ஷ்விக்குகளின் செம்படையின் முதுகுப்புறம் புகுந்து தம்போவ் வரை போய்க் கலக்கியது. திரும்பும்போது கொள்ளைப் பொருளை ஏற்றிய வண்டிகளோடு வந்தது. அதைப் பத்திரமாக வீட்டில் சேர்க்கப் பலர் தங்கள் சொந்தத் தோன் பகுதிக்குப் போய்விட்டார்கள். செப்டம்பர் இறுதியில் உக்ரைன் அராஜகவாதி மக்னோவின் விவசாயப் படை பின்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, ஆயுதக் கிடங்கு இருந்த பெர்தியான்ஸ்க் வரை பிடித்தது. டெனிகினின் தலைமையகம் இருந்த தகன்ரோக் அங்கிருந்து தூரமில்லை. ஓரெலில் தேவைப்பட்ட ஆட்களை மக்னோவுக்கு எதிராக அனுப்ப வேண்டியதாயிற்று. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு கேட்டதற்கு விவசாயி கொடுத்த பதில் அது.

இன்னொன்று, 'பிரிக்க முடியாத ஒரே ரஷ்யா' என்ற அவருடைய முழக்கம். உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. போலந்தின் தலைவர் பில்சுட்ஸ்கி அந்த இலையுதிர் காலத்தில் செம்படையோடு நடந்த போரை நிறுத்தி வைத்துவிட்டு, செம்படை தெற்கே திரும்ப வழி விட்டார். டெனிகின் இதை மறக்கவே இல்லை. 1937இல் பாரிஸில், சோவியத் ஆட்சியை அழிவிலிருந்து காப்பாற்றியது யார் என்று கேட்டு ஒரு சிறு நூலே போட்டார். தன் அம்மாவின் நாட்டின் மேல் 18 ஆண்டு ஆறாத கோபம்.

பழுப்பு ஏடு

கரிசல், நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. முதல் பதிவிலேயே அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் எழுதியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1921 முதல் 1926 வரை ஐந்து பாகங்களாக வந்தது, ரஷ்யக் கொந்தளிப்பைப் பற்றிய அவருடைய நூல். பெல்ஜியத்தில் தொடங்கி, வாழ்க்கைச் செலவு குறைவு என்பதற்காக ஹங்கேரிக்குப் போய், அங்கே ஷொப்ரோனிலும் புதாபெஸ்டிலும் பாலத்தோன் ஏரிக்கரையிலும் வாடகை வீடுகளில் உட்கார்ந்து எழுதினார். நினைவுக்குறிப்பு எழுதிய தளபதிகள் நிறைய. பெரும்பாலும் எல்லாம் தன் நியாயம்தான். இவர் ஆவணங்களை வைத்து எழுதினார். தன் படையின் கொள்ளையை, யூதர்கள் மீது நடந்த வன்முறையை, அது படையின் உள்ளத்தையே எப்படி அரித்தது என்பதை எழுதினார். போதுமான அளவு எழுதினாரா? இல்லை. செத்தவர்களைவிடத் தன் படைக்கு ஏற்பட்ட கேட்டைத்தான் அதிகம் பார்க்கிறார். படிக்கும்போது அது உறுத்துகிறது. ஆனாலும் தோற்றவர்களின் தரப்பிலிருந்து, தோற்ற சில ஆண்டுகளிலேயே, சொந்தப் படையைப் பற்றி இவ்வளவு எழுதியவர் அரிது.

கரிசல்

'போதுமான அளவு இல்லை' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதை நான் குறித்துக்கொள்கிறேன். தொடருங்கள், பிரான்ஸ் பகுதியைக் கேட்க ஆவல்.

மழைக்குருவி

பாரிஸைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். அந்தக் காலகட்டம் எனக்குப் பிடித்த விஷயம்.

1926இல் குடும்பம் பிரான்ஸுக்கு வந்தது. பாரிஸின் புறநகர்களில் வீடு மாறி வீடு மாறி வாழ்க்கை. நூல் விற்பனை, சொற்பொழிவு, அவ்வளவுதான் வருமானம். முன்னாள் அதிகாரிகள் டாக்சி ஓட்டிக்கொண்டும் கார் தொழிற்சாலையில் கூலி வேலை செய்துகொண்டும் இருந்த காலம் அது. டெனிகினுக்கு எழுத்தாளர்களோடு நல்ல பழக்கம். புனின், குப்ரின், ஷ்மெல்யோவ், கவிஞர் பால்மோந்த் எல்லாம் தெரிந்தவர்கள். அட்லாண்டிக் கரையோர ஊரான காப்ப்ரத்தோனில் கோடைக்காலத்தில் ஒரு சின்ன ரஷ்யாவே கூடுமாம்.

இன்னொரு பக்கம் பயம். 1930 ஜனவரி 26 அன்று, வெண்படை வீரர்களின் சங்கத் தலைவர் குத்தேபோவ் பட்டப்பகலில் பாரிஸ் தெருவிலிருந்து கடத்தப்பட்டார். 1937 செப்டம்பர் 22 அன்று அடுத்த தலைவர் மில்லர். மில்லர் கிளம்பும் முன் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஸ்கோப்லின் ஏற்பாடு செய்த சந்திப்புக்குப் போகிறேன், இது பொறியாகவும் இருக்கலாம் என்று. அதை வைத்துத்தான் உண்மை வெளியே வந்தது. ஸ்கோப்லின் வெண்படைத் தளபதி, சோவியத் உளவாளியும் கூட. அவன் தப்பிவிட்டான். அவன் மனைவி, ஜார் மன்னரே ரசித்த நாட்டுப்புறப் பாடகி பிளெவித்ஸ்காயா, 20 ஆண்டு தண்டனை பெற்று 1940இல் பிரெஞ்சுச் சிறையில் இறந்தார். அந்த வழக்கில் டெனிகினும் சாட்சி சொன்னார். தன்னையும் காரில் அழைத்துப் போக ஸ்கோப்லின் முன்வந்தான், தான் மறுத்துவிட்டேன் என்றார். அவருக்கு ஸ்கோப்லின் மேல் ரொம்ப நாளாகவே நம்பிக்கை இல்லை.

இதை யோசித்துப் பாருங்கள். விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் யாருக்கு வேலை செய்கிறான் என்று தெரியாது. இப்படிப் பல வருஷம்.

தண்டவாளம்

அவர் ஏன் அந்தச் சங்கத்துக்குத் தலைமை ஏற்கவில்லை?

மழைக்குருவி

1920க்குப் பிறகு எந்தப் படைப் பொறுப்பையும் அவர் ஏற்கவில்லை. சங்கத்தைத் தொடங்கியவர் ரேங்கல். அவர்கள் இருவருக்கும் 1920 தொடக்கத்திலேயே உறவு முறிந்துவிட்டது. டெனிகினைக் கடுமையாகத் தாக்கி ரேங்கல் எழுதிய கடிதம் படைக்குள் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. அதற்குப் பிறகும், தன் இடத்துக்கு அந்த மனிதரையே நியமித்து ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் டெனிகின் கப்பலேறினார்.

பழுப்பு ஏடு

இனி நான் இந்த இழையைத் தொடங்கியதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

1930களின் இறுதியில் பாரிஸ் ரஷ்யர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஹிட்லர் வந்தால் போல்ஷ்விக்குகள் ஒழிவார்கள், அவனோடு சேருவோம் என்று ஒரு கூட்டம். என்ன இருந்தாலும் தாய்நாடு, ஸ்டாலினை ஆதரிப்போம் என்று இன்னொரு கூட்டம். டெனிகின் இரண்டையும் எதிர்த்துக் கூட்டம் கூட்டமாகப் பேசினார். சோவியத் ஆட்சி வீழ வேண்டும், ஆனால் அந்நியப் படையெடுப்பாளனோடு சேர்ந்து ரஷ்யாவைத் துண்டு போடக் கூடாது. இரட்டைக் கடமை என்றார். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார்.

1940இல் ஜெர்மன் படை நெருங்கியபோது பிரான்ஸின் தென்மேற்கே மிமிசான் என்ற கடலோர ஊருக்குப் போனார்கள். அங்கும் ஜெர்மானியர்கள் வந்துவிட்டார்கள். மனைவி க்செனியா சில நாள் காவலில் வைக்கப்பட்டார். அப்புறம் ஒருநாள் ஜெர்மன் அதிகாரிகள் வீடு தேடி வந்து பெர்லினுக்கு வரச் சொன்னார்கள். வசதியான வாழ்க்கை, அவருடைய ஆவணங்களும் அங்கேதான் இருக்கின்றன, உட்கார்ந்து எழுதலாம் என்றார்கள். வயது 70ஐ நெருங்குகிறது, குளிர், சரியான சாப்பாடு இல்லை, காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைக்கிறார். மறுத்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. நாஜித் தலைவர்கள் ரஷ்யர்களைப் பற்றிப் பேசியதையெல்லாம் க்செனியா மொழிபெயர்க்க, அதை மற்ற ரஷ்யர்களிடம் பரப்பினார்கள். பிற்பாடு ஜெர்மன் சீருடை போட்ட சோவியத் கைதிகளின் பட்டாலியன் ஒன்று அந்த ஊருக்கே வந்தது. அந்தப் பையன்கள் இந்தக் கிழவரைத் தேடி வந்து பேசிவிட்டுப் போவார்களாம். சோவியத் ஆட்சியில் வளர்ந்த பிள்ளைகள், வெண்படைத் தளபதியின் வீட்டு வாசலில். இந்தக் காட்சி என்னை விட்டுப் போக மறுக்கிறது.

இன்னொரு தளபதியை இதோடு வைத்துப் பாருங்கள். தோன் கசாக்குகளின் தலைவராக இருந்த கிராஸ்னோவ். அதே தோல்வி, அதே நாடு கடந்த வாழ்க்கை, அவரும் எழுத்தாளர். அவர் நாஜிகளோடு சேர்ந்தார். 1945இல் ஆஸ்திரியாவில் பிரிட்டிஷார் அவரைப் பிடித்துச் சோவியத்திடம் கொடுத்தார்கள். 1947 ஜனவரியில் மாஸ்கோவில் தூக்கிலிடப்பட்டார்.

சரி, ஹிட்லர் தோற்ற பிறகு? 1945 பிப்ரவரியில் பாரிஸில் புலம்பெயர்ந்த பெரிய மனிதர்கள் சிலர், மக்லகோவ் தலைமையில், சோவியத் தூதரகத்துக்குப் போய் வாழ்த்துச் சொன்னார்கள். டெனிகின் செம்படை வீரனின் வெற்றியைக் கொண்டாடினார், ஸ்டாலினிடம் மட்டும் போகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார், மறுபடியும் ஏறத்தாழ வெறுங்கையோடு. போனதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ரஷ்யக் கைதிகளை வலுக்கட்டாயமாகச் சோவியத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று தளபதி ஐசனோவருக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கைதிகளில் பலர் அவர் ஒப்புக்கொள்ளாத பாதையில் போனவர்கள். அவர்களுக்காகத்தான் கேட்டார்.

கரிசல்

இதை இப்போதுதான் முழுதாகப் படிக்கிறேன். மிமிசான் பகுதி என்னையும் அசைத்தது, மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று. 1942இல் 'முடியாது' என்று சொல்ல அவரிடம் உறுதி இருந்தது. படை கையில் இருந்த 1919இல் அதே 'முடியாது' எங்கே போனது? ஒரு ஆள் தன் வாழ்க்கையைப் பணயம் வைப்பது பெரிய விஷயம்தான். ஃபாஸ்திவில் பணயமாக இருந்தது மற்றவர்களின் உயிர். அங்கே மேஜையைத் தட்டியிருந்தால் படை உடைந்துபோகும் என்று பயந்தார். நாஜிகளை மறுத்ததற்காக அவரை மதிக்கிறேன். அந்த மரியாதையை எடுத்துப்போய் 1919இன் கணக்கில் வரவு வைக்க மாட்டேன்.

பழுப்பு ஏடு

வரவு வைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. படையைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை இல்லாதபோதுதான் அவர் தெளிவாக இருந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தாம் பாகத்தை இந்தக் கேள்வியோடு திரும்பப் படிக்க வேண்டும்.

சதுரங்கம்

ஒப்பிட ஒருவர் இருக்கிறார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவை எதிர்த்த குடியரசுப் படையின் தலைமைத் திட்டக்காரர் விசென்தே ரோஹோ. மத்ரித்தைக் காத்தவர். தோற்ற பிறகு பொலிவியாவில் ராணுவ அதிகாரிகளுக்குப் பாடம் நடத்திப் பிழைத்தார். 1957இல் நாடு திரும்பினார். 'ராணுவக் கலகம்' என்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். கலகம் செய்தது பிராங்கோ, எதிர்த்து நின்றது இவர்! பிறகு மன்னிப்பு கொடுத்தார்கள், குடிமகனுக்குரிய உரிமைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1966இல் அப்படியே இறந்தார். திரும்பிப் போகாத டெனிகின் அந்த ஒரு அவமானத்திலிருந்து தப்பினார்.

தண்டவாளம்

டெனிகின் எங்கே புதைக்கப்பட்டார்? மாஸ்கோவில் கல்லறை இருப்பதாக எங்கோ படித்த நினைவு.

மழைக்குருவி

1947 ஆகஸ்ட் 7, மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் மருத்துவமனையில் மாரடைப்பால் இறந்தார். டெட்ராயிட்டில் ராணுவ மரியாதையோடு அடக்கம். 1952இல் நியூஜெர்சியில் ரஷ்யக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். 2005 அக்டோபர் 3இல் மாஸ்கோ தோன்ஸ்கோய் மடத்தில். 1973இல் பிரான்ஸில் இறந்த க்செனியாவையும் அங்கே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். மகள் மரீனா, 1919இல் போரின் நடுவே பிறந்தவர், பிரான்ஸில் பத்திரிகையாளராகவும் வரலாற்று எழுத்தாளராகவும் வாழ்ந்தவர், 86 வயதில் அந்தச் சடங்குக்கு வந்தார். அடுத்த மாதமே அவரும் இறந்துவிட்டார்.

கரிசல்

கடைசி ஆண்டுகளில் ஏதாவது எழுதினாரா?

பழுப்பு ஏடு

எழுதினார். நியூயார்க் பொது நூலகத்துக்குத் தினமும் போய் உட்கார்ந்து, இந்த முறை போரைப் பற்றி இல்லை, தன்னைப் பற்றி. அப்பாவின் 36 ரூபிள், அம்மாவின் தையல், ராணுவப் பள்ளி, மஞ்சூரியப் போர்க்களம் என்று தொடங்கி வருகிறது. அவர் இறந்த பிறகு, 1953இல்தான் அச்சானது. 1916இல் நின்றுவிடுகிறது. ஐந்து பாக நூல் 1917 புரட்சியில் தொடங்கி 1920 கப்பலில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள்தான் இடைவெளி. கப்பலுக்குப் பிறகு வாழ்ந்த 27 ஆண்டுகளைப் பற்றி அவர் தனியாக ஒரு நூலும் எழுதவில்லை.